கூப்பிட்டோம், கூப்பிட்டாக

ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு மேலே, ஸ்பெயின் தேசத்துப் பாதிரியார் ஒருவர் சின்ன மருந்துச்சாலை வைத்திருந்தார். அவருக்குக் கீரை கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. எனக்கு வயது எட்டு, வாய்க்கு எண்பது. அதனால்தானோ என்னவோ, தமிழ் படிக்க என்னையே பிடித்துக்கொண்டார்.

நோட்டில் ஒரு பக்கம் அவருடைய மொழி: யமே, யமஸ்தே, யமோ. எதிர்ப்பக்கம் நான் சொல்லச் சொல்ல எழுதுவார்: கூப்பிட்டேன், கூப்பிட்டே, கூப்பிட்டாக. நடந்து முடிந்ததைச் சொல்லத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். ‘நான்’ என்பதற்கு இரண்டு மொழியிலும் ஏகாரம், அதில் தவறமாட்டார். ‘அவர்’ என்று வந்தால் போச்சு! அவர்கள் பேச்சில் அதற்கு ஓகாரமாம்; நம் பேச்சில் அது ‘நாங்கள்’ ஆகிவிடும். அவருடைய பூனை மீனைத் தின்றதைக்கூட ‘தின்னோம்’ என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாடத்தை ஒப்பித்தால், “விளக்கு வைக்கிற நேரத்துல யமன் பேரையா சொல்லுதே, மூதி!” என்று அம்மா தலையில் குட்டினாள்.

அந்த மழைக்காலத்தில் அப்பாவுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. மருந்துச்சாலையில் படுக்க வைத்தார்கள். கூட இருக்கிறேன் என்று அம்மா எவ்வளவோ கெஞ்சியும் கங்காணி விடவில்லை, கொழுந்து முற்றிவிடுமாம். பாவி. மூன்றாம் நாள் காலை அவள் கூடையை மாட்டிக்கொண்டிருந்தபோது, பாதிரியார் நனைந்தபடி வந்து வாசலில் நின்றார்.

“உன்னை... கூப்பிட்டோம்,” என்றார்.

அம்மா பதறிப்போனாள். “எப்பம் கூப்பிட்டீக சாமி? யாரும் வந்து சொல்லலியே!”

எனக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே பாய்ந்தேன். “கூப்பிட்டோம் இல்ல சாமி, கூப்பிட்டாக! எங்க அப்பா கூப்பிட்டாக!”

“கூப்பிட்டாக,” என்று அவர் பணிவாகத் திருத்திக்கொண்டார். “உன்னை... கூப்பிட்டாக.”

அம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

“இப்பவும் கூப்பிடுதாகளா, சாமி?”

இப்போது நடப்பதைச் சொல்லும் பாடத்தை நாங்கள் இன்னும் தொடங்கவே இல்லையே என்று எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. அங்கியைப் பிடித்து இழுத்து, “கூப்பிடுதாகன்னு சொல்லுங்க, சாமி,” என்று எடுத்துக்கொடுத்தேன். அவர் சொல்லவில்லை. இன்னும் மெதுவாக, எழுத்தெழுத்தாகச் சொன்னேன். என் பின்னால் அம்மா தரையில் விழுந்து அலறிய பிறகும், மனுஷருக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.