ராமசாமி ஐயா சட்டைப் பொத்தான் போட்ட பதினோரு நிமிடம்

வீடு வீடாகப் போய் வயதானவர்களை நடக்கவைக்கும் பிசியோதெரபி வேலையில், நோயாளியைவிட அவரைச் சுற்றி நிற்பவர்களோடுதான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டும். இதே பிழைப்பில் இருப்பவர்கள் தலையாட்டுவீர்கள்.

கேட்டது ஒருவரை

ராமசாமி ஐயாவுக்கு எழுபத்தெட்டு. வெள்ளகோவிலில் தனியாக இருந்தவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் மகன் தன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். ஐயாவுக்கு ஊருக்குப் போக வேண்டும். குளிப்பது, உடுத்துவது, அடுப்படி வேலை எல்லாம் தானே செய்வார் என்று நான் ஃபாரத்தில் எழுதிக் கொடுத்தால் அனுப்புவதாக மகன் பேச்சு.

"நீங்களே குளிப்பீங்களாய்யா?" என்றேன். "நான் தண்ணி வெளாவி வெச்சர்றனுங்க" என்றார் மருமகள். எல்லாக் கேள்விக்கும் அவரே பதில். சொம்பை எடுக்க ஐயா எழுந்தால், அதற்குள் அது மருமகள் கையில் இருக்கும். சற்று விடுங்களேன் என்றேன்.

"மாமனாரு எந்திரிச்சுத் தண்ணி மொண்டு குடிச்சா, சனம் என்னையத்தானுங்க மேடம் காறித் துப்பும்!"

மகன் பிடித்த டைம்

அடுத்த வாரம் ஐயா சட்டை போடுவதைச் சோதித்தேன். மகன் செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துவிட்டார், கம்பெனியில் டெய்லருக்கு வைப்பதுபோலவே. பதினோரு நிமிடம். "இப்படித் தைச்சா லைனே நின்னு போயிருமுங்க மேடம்" என்றார். நானும் புத்தியைக் கடன் கொடுத்துவிட்டு, 'உதவி தேவை' என்று எழுதினேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஐயா ஃபாரத்தை எட்டிப் பார்த்தார்.

"நான் சட்டை போட்டு ஷிப்மெண்ட்டா போகோணும், அம்மிணி?"

ஆளில்லாத வீடு

ஒருநாள் சொந்தத்தில் ஒரு துக்கம். மருமகள் அவசரமாகக் கிளம்ப, வீட்டில் ஐயா மட்டும். போனில் தகவல் வந்ததும் பதறிப்போய் ஓடினேன். பெல் அடித்து வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. வாக்கரோடு ஐயா. குளித்து, பொத்தான் போட்டு, நெற்றியில் திருநீறு. அடுப்படியில் இரண்டு டம்ளர் டீ. "வாக்கரோட கொண்டார முடியாதுங்க, இங்கயே வந்து குடிச்சுக்குங்க" என்றார்.

பழைய ஃபாரத்தைக் கிழித்துவிட்டு, 'தானே செய்கிறார், நேரம் ஆகும்' என்று எழுதி, சாயங்காலம் மகனிடம் கொடுத்தேன். "இத்தன நாளா ஏனுங்கப்பா செய்யல?" என்றார் அவர்.

"உட்டாத்தான கண்ணு செய்யறதுக்கு?"

வெள்ளகோவில்

மகன் பேச்சு மாறவில்லை. அடுத்த மாதம் ஐயாவை அவர் வீட்டிலேயே பார்த்தேன். டீ குடித்ததும் டம்ளரைக் கழுவ அவர் எழுந்தார். நான் சட்டென்று பிடுங்கப் போனேன்.

"உக்காருங்க அம்மிணி, எம்பட மருமவ பழக்கம் உங்களுக்கும் ஒட்டிக்கிச்சாட்ட இருக்குது."

பெரியவர்களை எழுந்து நடக்கவைக்க மூன்று மாதம் போதும், மற்றவர்களைச் சும்மா உட்காரவைக்கத்தான் இன்னும் எனக்கு வைத்தியம் பிடிபடவில்லை.