மூச்சுவிட்ட எரு

எனக்கு எட்டு வயதிருக்கும்போது எங்கள் கொட்டகையில் ஓர் எருக்குவியல் மூச்சுவிட்டது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, அந்த மூச்சு என் முகத்தில் பட்டிருக்கிறது.

அதற்கு முந்தைய வருஷம் எங்கள் மலைப்பூண்டு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. மேலே தாள் பச்சையாக நிற்கும். பிடித்து இழுத்தால் கறுத்த கூழ்தான் கையோடு வரும். மிஞ்சிய விதைப்பூண்டு எங்கள் மூன்றடுக்குத் தோட்டத்துக்கு மட்டுமே காணும். அதுவும் போனால் குடும்பத்தோடு ஒட்டன்சத்திரம் மண்டிக்கு மூட்டை தூக்கப் போகவேண்டியதுதான் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

சித்தப்பா தாண்டிக்குடிப் பக்கம் போய்ச் சாம்பல்பச்சையாக ஒரு பொடி வாங்கிவந்தார். அது ஒரு பூஞ்சையாம். பூண்டை அழுகவைக்கிற பூஞ்சையையே தின்கிற பூஞ்சையாம். தொழுஎருவிலும் வேப்பம்புண்ணாக்கிலும் அதைக் கலந்து, வெல்லத்தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கால் மூடிவைத்தார். விதைப்பூண்டை நனைக்க அப்பா டிரம்மில் பூஞ்சைமருந்து கரைத்திருந்தார். அதையும் எருவிலேயே ஊற்றிவிட்டால் வேலை மிச்சம்தானே என்று கேட்டார்.

“சோலியக் கெடுத்துறாதீங்கண்ணே. இது உசுரோட கெடக்கு. அந்த மருந்து பட்டா செத்துப்போகும். மருந்து பூண்டுப் பல்லுக்கு, இது மண்ணுக்கு” என்றார் சித்தப்பா.

தினமும் சாக்கை நனைப்பது என் பொறுப்பு. நாலாம் நாள் பகலிலேயே பனிமூட்டம் கொட்டகைக்குள் புகுந்திருந்தது. சாக்கின் ஓரத்தைத் தூக்கினேன். வெதுவெதுவென்று ஆவி முகத்தில் அடித்தது. எரு முழுக்க நரைமுடிபோல வெள்ளை இழைகள். இடையிடையே பச்சை படர்ந்திருந்தது. கையை வைத்தேன். கல்லும் மண்ணும் சில்லிட்டுக் கிடந்த அந்தக் குளிரில், அது மட்டும் காய்ச்சல்காரன் வயிறு மாதிரிச் சுட்டது. கையை எடுத்தபோது இழைகள் விரலை விடாமல் கூடவே வந்தன.

கெட்ட பூஞ்சையைத் தின்று முடித்ததும் அது எதைத் தின்னும் என்று சித்தப்பாவிடம் கேட்டேன்.

“ஒன்னையத்தாம்லே. வெரசாத் தண்ணியத் தெளிச்சிட்டு ஓடு.”

எருவை இறைப்பதற்கு முந்தின நாள் மதியம் வீட்டில் யாரும் இல்லை. டிரம்மில் மிஞ்சியிருந்த மருந்தை வாளியில் மொண்டு, கதவோரம் கிடந்த எரு முழுதும் ஊற்றினேன். ஆவி அடங்கியது. உள்பக்கம் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. சாக்கை மூடிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளனே சித்தப்பா கதவோரத்து எருவை அள்ளிக் கீழடுக்கில் இறைத்தார். உள்பக்கத்து எரு மேலிரண்டு அடுக்குக்கும் போனது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அறுவடையின்போது மேலிரண்டு அடுக்கிலும் பூண்டு வெள்ளைவெளேரென்று வந்தது. கீழடுக்கில் பழையபடி கறுத்த கூழ். ஒரே எரு, ஒரே விதை, இங்கே மட்டும் ஏன் என்று சித்தப்பா அந்த மண்ணை அள்ளி அள்ளி மோந்துபார்த்தார். அம்மா அங்கே சூடம் கொளுத்திவைத்தாள். குடும்பம் மலையிலேயே தங்கியது. கீழடுக்கு நட்டத்தை ஈடுகட்ட அப்பா மட்டும் மண்டிக்குக் கிளம்பினார்.

ஜீப்பில் ஏறப்போனவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அது சாகவில்லை, என்னைப் பழிவாங்கத்தான் கீழடுக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது, யாரும் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்றேன். அப்பா என்ன ஏதென்று புரியாமல் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

எங்கள் தோட்டத்தில் அது இல்லாத ஒரே இடம் கீழடுக்குதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.