தோளில் படாத தூம்பா

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்ற திமிரும் கொஞ்சம் உண்டு. நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்.

ஜார்ஜ் டவுனில் எங்கள் கோயிலில் ஒரு பழைய தூம்பா இருக்கிறது. பெரிய வெள்ளிக்கிழமையன்று, இறந்த ஆண்டவரின் சுரூபத்தைக் கிடத்திப் பவனி கொண்டுபோகிற மரப்பெட்டி. எந்தக் காலத்திலோ கப்பலில் வந்ததாம். நாலு பக்கமும் திராட்சைக் கொடியும் சிறகு விரித்த சம்மனசுகளும் செதுக்கிப் பொன்தாள் ஒட்டியது. ஆறு பேர் தூக்க வேண்டும், ஒவ்வொரு தோளும் ஒவ்வொரு வீட்டுக்குச் சொந்தம். பழைய பொன், உதிரும். தூக்கியவரின் சட்டைத் தோளில் ஒட்டிய துகளைத் தாய்மார்கள் தொட்டுப் பிள்ளைகள் நெற்றியில் வைப்பார்கள்.

இடது பக்கம் கடைசித் தோள் அப்பாவுடையது. துறைமுகத்தில் தொங்கான் படகுகளிலிருந்து மூட்டை இறக்கியே என்னைப் படிக்கவைத்தவர், என்னை ஒரு தண்ணீர்க் குடம்கூடத் தூக்க விட்டதில்லை. அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலத்தில் அவருக்கு வாதம் வந்து பேச்சும் நின்றுபோனது. வீட்டிலிருந்து ஆள் வராவிட்டால் இடம் வேறு வீட்டுக்குப் போய்விடும் என்றார்கள். நான் தூக்குகிறேன் என்று அவரிடம் சொன்னேன். வேண்டாமென்று தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் போய்விட்டேன்.

பவனியன்று தூம்பாவுக்குப் பக்கத்தில் எனக்கு முன்னால் நின்ற அந்தோணி அண்ணன் திரும்பிப் பார்த்து, "பேனா புடிக்கிற தோளுலா தம்பி, பாத்து. நீ கீழ போட்டா ஆண்டவரு மறுபடியும் சாவணும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று மணி அடிக்கக் கூடாது என்பதால் மரக்கட்டை தட்டினார்கள், தட்டியதும் தூக்கினோம்.

பாரம் வரவில்லை. என் பங்கை மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்களோ என்று நினைத்தேன். தோளுக்கும் மரத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. கையை மட்டும் சும்மா கொடுத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தேன். பயம் வந்திருக்க வேண்டும், ஒன்றும் வரவில்லை. இறக்கி வைத்ததும் அந்தோணி அண்ணன் தோளைத் தேய்த்துக்கொண்டே, "ஒன் பக்கம் தாழவே இல்லப்பா. ஒங்கப்பன் புடிச்ச மாதிரியே இருந்திச்சு," என்றார். பிள்ளையோடு வந்த ஒரு அக்கா என் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் அவரிடம் போனார்.

வீட்டுக்கு வரும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா ஈரத் துணியால் அப்பாவின் இடது தோளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பவனி நேரத்துல வேர்த்து ஊத்திருச்சுடா. நான் எந்திரிக்கவே இல்ல, பக்கத்துலயேதான் இருந்தேன். இது என்னன்னு பாரு, போவ மாட்டேங்குது."

தோள் கன்றிச் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பில் பொன் ஒட்டியிருந்தது. அப்பா என்னையே பார்த்தார். உயிர்ப்பு ஞாயிறு விடியுமுன் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. அழுகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம், எங்கள் வீட்டு இடம் என்பதால் என்னையே கூப்பிட்டார்கள். அடக்கம் செய்து ஒரு வருஷமாகிவிட்டது, இனி என்ன என்றுதான் போய் நின்றேன். மறுபடியும் அதே இடைவெளி. இந்தத் தடவை எப்படியாவது பாரத்தை நான் வாங்கிவிட வேண்டும் என்று, நடந்துகொண்டே குதிகாலை உயர்த்தினேன். இடைவெளியும் என்னோடு சேர்ந்து உயர்ந்தது.

அப்பா என் காது உயரம்தான் இருப்பார். அவ்வளவு தூரமும் எம்பிக்கொண்டேதான் நடந்திருக்க வேண்டும்.