இரண்டாவது கையெழுத்து

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நீலாவின் முன்னால் மட்டும் சிரித்துவிடாதீர்கள்.

நீலா செகந்திராபாத்காரி, விமான மெக்கானிக். பயிற்சி விமானத்தில், விமானி பிடித்து ஓட்டும் ஸ்டிக்கிலிருந்து இறக்கைக்குப் போகும் இரண்டு கேபிள்களை மாற்றினால் இரண்டு பேர் சோதிக்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டிக்கைச் சாய்ப்பார். இன்னொருவர் வெளியே நின்று, இறக்கை மடல் சரியான பக்கம் அசைகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அன்று கேபிள்களை மாற்றியவர் சீனியர் மெக்கானிக் ஸ்ரீனிவாசன்.

"நான் மாட்டினதையே பார்க்கணுமா? போடும்மா," என்றார். பார்க்காமலே போட்டாள்.

மறுநாள் காலை விமானம் எழும்பிய பதினோராவது விநாடியில் கவிழ்ந்தது. தனியாக ஓட்டிய மாணவி ஹர்ஷிதா அங்கேயே செத்துப்போனாள். இருபத்திரண்டு வயது.

"பொண்ணு பயந்துபோய்த் தப்பா திருப்பிட்டா," என்று விசாரணையில் கூசாமல் சொன்னார் ஸ்ரீனிவாசன். உண்மையைச் சொன்னால் நீலாவின் லைசென்ஸ் போகும். சொல்லவில்லை. ஆத்திரம் பாதி அவர்மேல், பாதி தன்மேல்.

புதன்கிழமை, பகல் 2.40. பாலாநகரில் ஒரு ஷெட். நொறுங்கிய துண்டுகளை விமான வடிவில் தரையில் பரப்பியிருந்தார்கள். அடையாளம் காட்ட இருவரையும் அழைத்திருந்தார்கள்.

"நக்கோம்மா, வேணாம், ஒண்ணும் உளறாதே," என்றுவிட்டு ஸ்ரீனிவாசன் டீ குடிக்கப் போனார்.

டக்.

ஸ்டிக் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இவ்வளவு நேரம் நேராகத்தானே இருந்தது?

இடது மடல்... கீழே இறங்கியது. மேலே அல்லவா எழ வேண்டும்!

2.41. டக். மறுபடியும் இடது. மறுபடியும் கீழே.

டக்... டக்... டக்...

இருக்கையில் யாருமில்லை.

"பார்த்துட்டேன்!" நீலா அலறினாள். "பார்த்துட்டேன்டீ!"

நின்றது.

லைசென்ஸ் போனால் போகட்டும் என்று அன்று மாலையே விசாரணை அதிகாரி சீதாராமனிடம் எழுதிக் கொடுத்தாள். கேபிள்களை இடம் மாற்றி மாட்டியிருக்கிறார்கள், நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், அந்தப் பெண்மேல் தப்பே இல்லை.

சீதாராமன் இரண்டு முறை படித்தார்.

"மாத்தி மாட்டினதுன்னு எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"ஸ்டிக் சாய்ஞ்சப்ப மடல் தப்பான பக்கம் போச்சு சார். மதியம் என் கண்ணால பார்த்தேன்."

அவர் மெல்ல நிமிர்ந்தார்.

"ரெண்டு கேபிளையும் திங்கட்கிழமையே கழட்டி லேபுக்கு அனுப்பிட்டோம்மா. அந்த ஸ்டிக்குக்கும் இறக்கைக்கும் நடுவுல... ஒண்ணுமே இல்லை."