மாடிப்படியில் ஏறிய பெட்டிகள்

தீபாவளி சீசனில் வெடி வாங்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு, சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் உள்ள என் வீட்டு மாடியறையை நாள் வாடகைக்கு விடுவேன். மாநகராட்சி அனுமதி வாங்கவில்லை. சொந்த வீட்டுக்கு எதற்கு அனுமதி என்ற திமிர்.

போன சீசனில், யாரோ கொடுத்த புகார் மனுவோடு மாநகராட்சியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து நின்றார். எதிர்வீட்டு முத்துலட்சுமி வேலைதான் என்று தோன்றியது. அவள் நாரணாபுரத்தில் வெடி கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள்.

"ஏம்மா, நான் நாலு காசு பாத்தா ஒனக்குப் பொறுக்கலியா?" என்று தெருவிலேயே சத்தம் போட்டேன். அவள் தெருவைக் கடந்து எங்களோடு வந்தாள்.

சாவியைக் காணோம் என்று சொல்லிப் பார்த்தேன். அதிகாரி விடவில்லை. மாடியறையைத் திறந்தால், தங்கியிருந்த ஆட்கள் இல்லை. கட்டிலடியில் வெடிப் பெட்டிகள். அவற்றை ஒட்டி, யாரும் அணைக்காமல் விட்டுப்போன கொசுவத்தி புகைந்துகொண்டிருந்தது. 'ஐயோ' என்று கத்திவிட்டேன்.

பின்னால் வந்த முத்துலட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டு நிதானமாக உள்ளே போனாள். கொசுவத்தியைத் தட்டோடு எடுத்துவந்து வாளித் தண்ணீரில் அமுக்கினாள்.

"பதறக் கூடாது அண்ணாச்சி. கம்பெனில மொத நாளே சொல்லிக் குடுக்கது இதுதான். நீங்க கீள போங்க."

பிறகு அதிகாரி மனுவைக் காட்டினார். முத்துலட்சுமியின் கையெழுத்துக்கு மேலே கடைசி வரி இப்படி இருந்தது: 'பெட்டிகள் இருப்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவர்மேல் கேஸ் போட வேண்டாம்.'

இப்போது அனுமதி வாங்கித்தான் அறையை விடுகிறேன். ஆனால் அவளிடம் இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தப் பெட்டிகளை மாடிக்குத் தூக்கிக் கொடுத்ததே நான்தான். என் வீட்டு மாடிப்படி அவள் வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது.