ஒரு வேலை, இரண்டு தவளைகள்

ரப்பர் பால்வெட்டுக்காரர் மகனுக்குப் பயாலஜி வந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகனான எனக்கு வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

மலாயாவில் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கூலிம் இங்கிலீஷ் பள்ளிக்குப் போனவர்கள் நாங்கள் இருவர்தான். சீனியர் வகுப்பில் இருவருமே பயாலஜி எடுத்தோம். என்னிடம் புதுப் புத்தகம், வண்ணப் பென்சில், அப்பா வாங்கித் தந்த பூதக்கண்ணாடி எல்லாம் இருந்தன. அவனிடம் ஒன்றும் கிடையாது. என் புத்தகத்தையே இரவல் வாங்கிப்போய் மறுநாள் என்னைவிட நன்றாக ஒப்பிப்பான். கரும்பலகையில் அவன் வரைந்த இதயம் துடித்துவிடும் போலிருக்கும். நான் வரைந்ததைப் பார்த்து வாத்தியார், "கத்தரிக்காயா?" என்றார். வகுப்பே சிரித்தது, அவன் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

ஜப்பான்காரன் வந்ததும் பள்ளியை மூடினார்கள். துரைமார் ஓடிப்போக, தோட்டத்து ஆஸ்பத்திரியை மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ஒருவரே பார்த்துக்கொண்டார். பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். முதலில் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்பவனை மட்டும் பிடிப்பதில்லை. அந்தச் சமயத்தில் டிரஸ்ஸருக்கு ஓர் உதவியாள் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஒரே ஓர் ஆள். போய் நின்றது நாங்கள் இருவர்.

"ஆளுக்கொரு தவளை எலும்புக்கூடு செஞ்சு கொண்டாங்க லா. யார் கை சுத்தமோ அவனுக்கு வேலை," என்றார் டிரஸ்ஸர்.

எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். தோட்டத்து ஸ்டோர் சாவி அப்பாவிடம்தானே இருந்தது. ரப்பர் பாலை உறைய வைக்கும் அசிட் அங்கே ஜாடி ஜாடியாகச் சும்மா கிடந்தது. மேலே பட்டால் தோலை உரிக்கிற அசிட், தவளையின் சதையைத் தின்றுவிட்டு எலும்பை மட்டும் வெள்ளையாக விட்டுவைக்கும் என்று கணக்குப் போட்டேன். தண்ணீர் கலந்து ஊறப்போட்டு, சில நாள் கழித்து எடுத்தேன். சதை அப்படியே இருந்தது. எலும்புதான் வெந்த சேமியாவாகிவிட்டது. கால் எலும்பை விரலில் சுற்ற முடிந்தது.

அவன் தன் தவளையைச் சோற்றுச் சட்டியில் வேகவைத்து, நாரால் தேய்த்து, பலகையில் ரப்பர் பால் தொட்டு எலும்பெலும்பாக ஒட்டியிருந்தான். அவன் அம்மா அந்தச் சட்டியைப் போட்டு உடைத்தாராம். டிரஸ்ஸர் அந்த எலும்புக்கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னுடையதைப் பார்த்து, "இது என்ன லா, தவளையா, புழுவா?" என்றார்.

வேலை அவனுக்குப் போனது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு வழியாகத்தான் நடப்பான். என்னைப் பெற்ற அம்மாவே அவனைக் கூப்பிட்டு, "தம்பி, காய்ச்சலுக்கு மருந்து இருக்கா?" என்று கேட்டார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கடைசியில் சயாமுக்குப் போக என் முறை வந்தது. லயத்துக் கூலிக்காரர் பிள்ளைகள் எல்லாம் போகும்போது கிராணி மகனை மட்டும் எப்படி ஒளித்துவைப்பது என்று அப்பா தலையைக் குனிந்துகொண்டார். லோரியில் ஏற்றும் முன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உடம்பைப் பரிசோதித்தார்கள். துப்பாக்கியோடு ஒரு ஜப்பான்காரன் நின்றான். பால்வெட்டுக்காரர் மகன்தான் என்னைப் பெஞ்சில் படுக்கச் சொன்னான். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இடது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தினான்.

"மண்ணீரல் வீங்கியிருக்கு ஐயா. முத்தின மலேரியா. போற வழியிலேயே செத்துருவான்," என்றான் டிரஸ்ஸரிடம்.

டிரஸ்ஸர் என்னைத் தொட்டுப் பார்க்காமலே, தெரிந்த ஜப்பான் மொழியில் அதைச் சொன்னார். சிப்பாய் என் காலில் ஓர் உதை விட்டு ஒதுங்கச் சொன்னான். லோரி நான் இல்லாமல் போனது.

வீட்டுக்கு வந்து, அவன் அழுத்திய அதே இடத்தில் நானும் அழுத்திப் பார்த்தேன். எதுவும் தட்டுப்படவில்லை. தோட்டத்தில் எல்லோரையும் போல எனக்கும் காய்ச்சல் வந்து போனதுண்டு. ஆனால் அவன் சொன்னது உண்மையா, பொய்யா என்று நான் கேட்கவே இல்லை. உண்மை என்றால், எனக்குள் இருந்தது என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பொய் என்றால், துப்பாக்கிக்கு முன்னால் எனக்காகத் தன் கழுத்தை நீட்டியிருக்கிறான். அவன் இடத்தில் இருந்திருந்தால் நீ சொல்லியிருப்பாயா என்று என்னைக் கேட்காதீர்கள். எப்படிப் பார்த்தாலும் ஜெயித்தது அவன். நான் உயிரோடு இருப்பதே அவனால்தான் என்பதை மட்டும் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.