இன்ஜின் நடுக்கம் நின்ற காலை

எண்பதுகளின் தொடக்கத்தில், கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் மாடியில் குடியிருந்தோம். நான், என் கணவர், இரண்டு வயது மகள். கீழே காலியாகக் கிடந்த கிடங்கில் வீட்டுக்காரர் தன் காரை நிறுத்துவார். மலையாளி, அவரைச் சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம். மாடித் தளம் வெறும் மரப்பலகை. காலையில் அவர் காரைக் கிளப்பினால் எங்கள் அடுக்களையில் டம்ளர்கள் கிணுகிணுக்கும்.

அந்த மழைக்காலத்தில் காருக்கு ஒரு வியாதி பிடித்தது. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த இன்ஜினைக் காலையில் உசுப்பினால் குலுங்கும், இருமும், அணைந்துவிடும். பெட்ரோல் கூடுதலாகப் போகச் சோக்கை இழுத்துவிட்டு வெகுநேரம் ஓடவிட்டால், சூடேறிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். சேட்டனின் மகள் நிறைமாதக் கர்ப்பிணி. எந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிவருமோ என்று அவருக்குக் கவலை. மெக்கானிக் பிளக்குகளை மாற்றினார், கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார். மறுநாள் காலை மீண்டும் அதே குலுக்கல்.

என் கணவருக்கு இயந்திரம் என்றால் பைத்தியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "இன்னிக்கு நான் பாக்கறேன் சேட்டா" என்று கீழே இறங்கிவிட்டார். வெளியே மழை சாய்ந்தடித்துக்கொண்டிருந்தது. சாரல் இன்ஜினில் படக்கூடாதென்று தெருப்பக்கத்துப் பெரிய கதவைச் சாத்தி, புகை போவதற்காக உயரத்தில் இருந்த சின்ன ஜன்னலை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். அது போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

மேலே, பின்பக்க அடுக்களையில் நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜின் குலுங்கியது, அணைந்தது, மறுபடி குலுங்கியது. வெகுநேரம் இப்படியே. பிறகு சட்டென்று நடுக்கம் நின்று சீராக ஓடத் தொடங்கியது. பலகை இடுக்கு வழியாகக் கணவரின் கூச்சல் கேட்டது.

"சேட்டா, கிட்டிப்போச்சு! கார்புரேட்டருக்கு அடியிலேர்ந்து காத்து இழுக்கறது! கிரீஸை அப்பின உடனே நடுக்கம் நின்னுது, கேட்டேளா?"

"சரியாயிட்டு, சரியாயிட்டு!" சேட்டன் சிரித்தார். "அணைக்க வேண்டா. கொறச்சு நேரம் ஓடட்டும்."

எனக்கும் சந்தோஷம். காப்பி கலந்துவிட்டுப் படியருகே வந்து கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை போலும் என்று திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். இன்ஜின்தான் இப்போது குலுங்காமல் மெல்ல ஓடிக்கொண்டிருந்ததே! நான் கூப்பிட்டது எப்படிக் கேட்காமல் போகும்?

ஓடி இறங்கிப் படியடிக் கதவைத் தள்ளினேன். கணவர் மட்கார்டின் மேல் கவிழ்ந்து இன்ஜினுக்குள் எதையோ பார்ப்பதுபோல் கிடந்தார். தோளைத் தொட்டதும் சரிந்து தரையில் விழுந்தார். முகம் வெளுத்திருக்கவில்லை, வெயிலில் அலைந்துவிட்டு வந்தவரைப்போல் சிவந்திருந்தது. சேட்டன் ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தார். ஷாக் அடித்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் என் கால்களும் துவண்டன. தலை சுற்றியது. காற்றில்தான் ஏதோ இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டுப் பெரிய கதவுக்குப் போனேன். மழையில் ஊறி உப்பியிருந்த தாழ்ப்பாள் கட்டை அசையவில்லை. கதவை அறைந்து கத்தினேன்.

எதிர்க் கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்த மூட்டை தூக்கும் ஆட்கள் ஓடிவந்தார்கள். "சேச்சி, மாறிக்கோ!" என்று விலகச் சொன்னது ஒரு குரல். அவர்கள் தோள் கொடுத்து மோதியதில் கட்டை முறிந்தது. இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டுபோய்க் கடை வாசலில் கிடத்தினார்கள். சாரல் முகத்தில் பட்டதும் கணவர் முனகினார். எனக்கு உயிர் வந்தது.

அப்போது அவர்களில் ஒருவர் கிடங்கை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "மேலே ஆளுண்டோ?"

என் மகள். காருக்கு நேர் மேலே இருந்த அறையில், பலகைத் தளத்தில், பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மேலே கையைக் காட்டினேன். அவர் படிகளைத் தாவி ஏறினார். தூக்கிவந்தபோது குழந்தை நனைந்த துணியைப்போல் அவர் தோளில் தொங்கினாள். மழைக்கு முகத்தைக் காட்டி முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஒருவழியாக வாந்தியெடுத்தாள். பிறகு வீறிட்டு அழுதாள். அவர் சட்டையெல்லாம் வாந்தி. "கரையட்டும் சேச்சி, நல்லா கரையட்டும்" என்றார். அழட்டும் என்கிறார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில் மூன்று பேரும் பிழைத்தார்கள். குளிர்ந்த இன்ஜினைச் சோக் போட்டு ஓட்டினால் புகையோடு நிறமும் மணமும் இல்லாத ஒரு விஷவாயு அதிகமாக வரும் என்று டாக்டர் விளக்கினார். "கொஞ்ச நாளாகக் குழந்தை காலையில் சோர்ந்து கிடந்தாளா?" என்று கேட்டார். கிடந்தாள். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தோம். இதனால்தானா என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கணவர் கண்டுபிடித்தது சரிதான். கார்புரேட்டருக்கு அடியிலிருந்த பேக்கிங் விரிசல் விட்டிருந்தது. சூட்டில் உப்பி அடைத்துக்கொண்டதால், குளிர்ந்திருக்கும்போது மட்டும் தொல்லை. புதிதாக ஒன்றை வைத்ததும் தீர்ந்தது. கார் அதன்பின் கிடங்குக்குள் வராமல் தெருவிலேயே நின்றது. சேட்டன் தன் மகளைப் பிரசவத்துக்குத் தானே ஓட்டிக்கொண்டு போனார்.

என் மகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் வீட்டில் ஏதாவது தொல்லை திடீரென்று அடங்கினால், என்னால் உடனே சந்தோஷப்பட முடிவதில்லை. முதலில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறேன்.